அப்பாவும் அரை டாலர் டிக்கெட்டும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல மக்களே. ஆணி ஜாஸ்தி. கடைசி செமஸ்டர், ப்ராஜெக்ட், பட்டமளிப்புன்னு 2025 கடைசி முழுக்க ஓட்டமா ஓடிட்டேன். இங்க வந்த புதுசுல "சீக்கிரமே பிரிஸ்பேன் பத்தி எழுதுறேன்"னு ஒரு வாக்குறுதி குடுத்தது சில பேருக்கு ஞாபகம் இருக்கலாம். ரெண்டு வருஷம் ஆச்சு, எழுதல. காரணம் ரொம்ப சாதாரணம். நான் பிரிஸ்பேனைப் பாக்கவே இல்ல.

சிரிக்காதீங்க. வெளிநாட்டுல படிக்கிறவன் ஊர் சுத்திக்கிட்டே இருப்பான்னு ஊர்ல ஒரு நினைப்பு இருக்கு. எனக்குத் தெரிஞ்ச பிரிஸ்பேன் மொத்தம் நாலு இடம்: ரூம், வகுப்பு, வேலை, இந்தியக் கடை. இந்த நாலுக்கும் நடுவுல ஓடுற ரயில், பஸ். அவ்வளவுதான். ஆத்துல போற படகை தினமும் பாத்திருக்கேன். ஒரு தடவை கூட ஏறினதில்ல.

அப்படிப்பட்டவன்கிட்டதான் டிசம்பர்ல அப்பா வந்து எறங்கினாரு. பட்டமளிப்புக்காக. அம்மாவையும் கூட்டிட்டு வர ஆசைதான், ஒரு ஆள் டிக்கெட்டுக்குத்தான் காசு சேந்துச்சு. அது போக அப்பாயியைத் தனியா விட முடியாது. "நீங்க போய்ட்டு வாங்க, நான் போட்டோவுல பாத்துக்கறேன்"னு அம்மா சொல்லிட்டாங்க.

அப்பாவைப் பத்தி ஒரு சின்ன அறிமுகம். திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறையில 38 வருஷம் வேலை பாத்து 2023-ல ரிட்டயர் ஆனவர். எங்க போனாலும் முதல்ல தண்டவாளத்தைப் பாப்பாரு, அப்புறம்தான் மனுசங்களை.

பட்டமளிப்பு முடிஞ்சு வந்த சனிக்கிழமை, "எங்கயாச்சும் போலாம் தம்பி. ஆனா காசு செலவு வைக்காத"ன்னாரு. அதுக்குத்தான் குயின்ஸ்லாந்துல ஒரு வழி இருக்கே! 2024 ஆகஸ்ட்ல இருந்து இங்க பஸ், ரயில், படகு எல்லாத்துக்கும் ஒரே கட்டணம், 50 சென்ட். எவ்வளவு தூரம் போனாலும் அதேதான். ஆறு மாசத்துக்குன்னு சோதனையா ஆரம்பிச்சாங்க, பிறகு நிரந்தரமாவே ஆக்கிட்டாங்க. நம்ம காசுக்கு சுமாரா முப்பது ரூபா. (ஏர்போர்ட் ரயில் மட்டும் இந்தக் கணக்குல வராது. தெரியாம ஏறிடாதீங்க.)

"அரை டாலர்ல ரயிலும் படகுமா?"ன்னு அப்பா ரெண்டு தடவை கேட்டாரு. கணக்குல எங்கயோ தப்பு இருக்குன்னு அவருக்கு சந்தேகம்.

காலையில எட்டரை மணிக்கு ஷெர்வுட் ஸ்டேஷன். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ரெண்டு பாட்டில் தண்ணி. டிசம்பர்னா இங்க நல்ல கோடை. வெயில் திருச்சி மாதிரியேதான், வேர்வை மட்டும் கொஞ்சம் கூட. பிளாட்பாரத்துக்குப் போனதும் அப்பா எதிர்பார்த்த மாதிரியே ஓரத்துக்குப் போய் குனிஞ்சாரு.

"மஞ்சக் கோட்டைத் தாண்டாதீங்கப்பா."

"இது என்ன கேஜு? மீட்டர் கேஜும் இல்ல, பிராட் கேஜும் இல்ல."

ரெண்டு வருஷமா இந்த ரயில்ல போறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோணினதே இல்ல. போன்ல தேடிப் பாத்தேன். 1067 மில்லிமீட்டர், அதாவது மூணரை அடி. 1865-ல இப்ஸ்விச்ல இருந்து கிராண்ட்செஸ்டர் வரைக்கும் போட்ட முதல் பாதையே இந்த அகலம்தான். மலை ஏற வளைஞ்சு வளைஞ்சு போகணும், கையில காசு கம்மி, அதனால குறுகலாப் போட்டிருக்காங்க. ஒரு முழு மெயின் லைனையே இப்படி நேரோ கேஜ்ல போட்டது உலகத்துலயே இங்கதான் முதல்லயாம்.

"நம்ம மீட்டர் கேஜுக்கு அண்ணன். 67 மில்லிமீட்டர்தான் கூட"ன்னாரு அப்பா. ஊர்ல பிராட் கேஜ் ஆக்கினப்ப மீட்டர் கேஜ் பெட்டியெல்லாம் கழிச்சுக் கட்டினதைப் பாத்த மனுஷன். இங்க ஒரு மாநிலமே இன்னும் குறுகலான பாதையில ஓடுதுன்னு தெரிஞ்சதும் முகத்துல ஒரு சந்தோஷம். ஏதோ சொந்தக்காரங்களைப் பாத்த மாதிரி.

வண்டி வந்துச்சு. புது ரகம், ஆறு பெட்டி. உக்காந்ததும் நான் படிச்சு வச்சிருந்த ஒரே ரயில் விஷயத்தை எடுத்து விட்டேன். "அப்பா, இந்த வண்டி எங்க செஞ்சது தெரியுமா? குஜராத். வதோதரா பக்கத்துல சாவ்லின்னு ஒரு ஊரு. இது மாதிரி 75 வண்டி அங்கேருந்து கப்பல்ல வந்துச்சு."

அப்பா உடனே எந்திரிச்சுட்டாரு. கதவோட ரப்பரைத் தொட்டாரு, சீட்டுக்கடியில எட்டிப் பாத்தாரு, கைப்பிடியை ஆட்டிப் பாத்தாரு. எதிர்ல உக்காந்திருந்த பாட்டி என்னைப் பாத்து சிரிச்சாங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன் :-)

"வந்தப்ப குறை ஒண்ணும் இல்லையாமா?"ன்னு கேட்டாரு. இருந்துச்சு. சக்கர நாற்காலியில வர்றவங்களுக்கு உள்ள போக வர வழியும் கழிப்பறையும் சரியில்லன்னு பெரிய பிரச்சினையாகி, விசாரணையெல்லாம் நடந்து, அப்புறம் இங்க மேரிபரோங்கிற ஊர்ல வச்சு எல்லா வண்டியையும் திருத்தினாங்க. "வரைபடம் போடுறப்பவே நாற்காலியில வர்ற ஒருத்தரைக் கூப்புட்டுக் கேட்டிருக்கணும்"னு ஒரே வரியில முடிச்சுட்டாரு.

செல்மர் தாண்டினதும் ரயில் ஆத்தைக் கடக்குது. ரயில் போற பாலம் 1895-ல கட்டினது. அதுக்கு முன்னாடி 1876-ல கட்டின பாலம் 1893 வெள்ளத்துல அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. பக்கத்துலயே ரோட்டுப் பாலம் ஒண்ணு இருக்கு, வால்டர் டெய்லர் பாலம், 1936. அதோட கோபுரத்துக்குள்ள வீடு இருக்கு! சுங்கம் வசூலிக்கிறவர் குடும்பத்துக்காகக் கட்டினது. சிட்னி துறைமுகப் பாலம் கட்டும்போது வளைவைப் பிடிச்சு இழுத்து வச்சிருந்த கம்பி வடங்களை வாங்கிட்டு வந்து இதுல போட்டிருக்காங்க. "பழசை வீணாக்காம எடுத்துப் போட்டிருக்கான் பாரு"ன்னு அப்பாவுக்கு அந்தப் பாலத்து மேல தனி மரியாதை வந்துடுச்சு.

அடுத்த ஸ்டேஷன் இந்துருப்பில்லி. பேரைக் கேட்டதும் அப்பா சிரிச்சுட்டாரு, "நம்ம ஊருப் பேரு மாதிரியில்ல இருக்கு?" இங்கத்தைய பூர்வகுடி மக்களோட பேச்சுல இருந்து வந்த பேரு. அட்டைப் பூச்சி இருக்கிற ஓடைன்னு ஒரு விளக்கம் சொல்றாங்க. அதுக்கப்புறம் டூவாங். அது குயில் கூவுற சத்தத்தை வச்சு வந்த பேராம். டிசம்பர்ல விடியக்காலை நாலு மணிக்கே இந்த ஊர்க் குயில் கத்தி எழுப்பி விடுறதை அனுபவிச்சவங்க இந்தப் பேரை மறக்க மாட்டாங்க.

டூவாங்ல எறங்கி பத்து நிமிஷ நடை. ஆத்தங்கரையில ரெகாட்டா ஹோட்டல்னு இரும்பு வேலைப்பாடு போட்ட வெராண்டாக்களோட ஒரு பழைய கட்டடம். 1965-ல மெர்ல் தார்ன்டன், ரோசலி பாக்னர்னு ரெண்டு பெண்கள் இங்க வந்து பார் கம்பியோட தங்களைச் சங்கிலியால கட்டிக்கிட்டாங்க. அப்ப பெண்களுக்குப் பொது பார்ல மது கொடுக்க மாட்டாங்க, அதை எதிர்த்து. "சாராயத்துக்கா போராட்டம்?"னு அப்பா முகம் சுளிச்சாரு. கல்யாணம் ஆன பெண்களை அரசாங்க வேலையில இருந்து எடுத்துடற சட்டம் அப்ப இங்க இருந்துச்சு, 1966-ல அதை நீக்க வச்சதுலயும் அந்த மெர்ல் தார்ன்டனுக்குப் பங்கு உண்டுன்னு சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாம நடந்தாரு. "உங்கம்மாவுக்கு டீச்சர் வேலை வந்துச்சு. எங்கம்மாதான் வேண்டாம்னுச்சு. நானும் பேசாம இருந்துட்டேன்"னாரு. இது எனக்குத் தெரியவே தெரியாது.

எதிர்லயே படகுத்துறை. படகுக்குப் பேரு சிட்டிகேட். 1996-ல இருந்து ஓடுது.

"பூனைப் படகா?"

"பூனை இல்லப்பா, கேட்டமரான். நம்ம கட்டுமரம்தான் இங்கிலீஷுக்குப் போய் அப்படி ஆயிடுச்சு."

நிஜமாவே அந்த வார்த்தை நம்மகிட்ட இருந்து போனதுதான். நம்ம கட்டுமரம் மரத்தைச் சேத்துக் கட்டினது, இது ரெண்டு உடம்பு ஒட்டின படகு. பொருள் மாறிப் போச்சு, பேரு மட்டும் நிக்குது. சின்னப் படகுகளுக்கு கிட்டிகேட்னு பேரு வச்சிருக்காங்க. அப்ப பூனையும்தான் போல.

மூக்குப் பக்கம் திறந்த வெளியில எடம் புடிச்சோம். கிளம்பின உடனே காத்து முகத்துல அடிச்சுது பாருங்க... ரெண்டு வருஷத்துல அந்த மாதிரி ஒரு காத்து எனக்குக் கிடைக்கல. அப்பா தொப்பியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டாரு.

ஆத்துத் தண்ணி பழுப்பு நிறம். அழகுன்னெல்லாம் சொல்ல முடியாது. பழுப்புப் பாம்புன்னு இந்த ஊர்க்காரங்களே கிண்டல் பண்ணுவாங்க. அப்படியே பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஊருக்குள்ள போகுது. கடல் ஏத்தம் எறக்கம் இங்க வரைக்கும் வரும், சுறா கூட உண்டு. ஓரத்துல அலையாத்திக் காடு.

"வெள்ளம் வருமா?"ன்னாரு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல வாழ்ந்தவங்களுக்கு ஆத்தைப் பாத்தா முதல்ல இந்தக் கேள்விதான் வரும். வரும், நல்லாவே வரும். நகர அளவுகோல்ல 1893-ல 8.35 மீட்டர், 1974-ல 5.45, 2011-ல 4.46, 2022-ல 3.85. 1974-க்கு அப்புறம் மேல விவன்ஹோ அணையைக் கட்டினாங்க. அப்பவும் 2011-ல ஊருக்குள்ள தண்ணி வந்துடுச்சு. படகுத்துறைகள் பல நாசமாச்சு. நியூ ஃபார்ம் பக்கம் மிதந்துக்கிட்டிருந்த நடைபாதை அத்துக்கிட்டு ஆத்தோட போச்சு. அது எங்கயும் மோதிடாம ஒரு சின்ன இழுவைப் படகு தள்ளித் தள்ளி கேட்வே பாலத்துக்கு அடியில பத்திரமாக் கடத்தி விட்டுச்சு.

அதுக்கப்புறம் கட்டின துறைகள்ல, வெள்ளம் வந்தா கரையோட இருக்கிற பிடி விட்டு, நடைபாலம் தண்ணி போற திசைக்கே திரும்பிக்கிற மாதிரி வச்சிருக்காங்க. எதுத்து நிக்காது, ஒதுங்கிக்கும். அப்பா ஒவ்வொரு துறையிலயும் எந்திரிச்சு அந்த இணைப்பைப் பாத்தாரு. "2018-ல கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்துத் தூணு சாஞ்சப்ப நான் கரையில நின்னு பாத்தேன் தம்பி. தண்ணியை எதுத்து நின்னா அதான்"னாரு.

நார்த் கீ, சவுத் பேங்க் தாண்டி, தாவரவியல் பூங்காவைச் சுத்தி வளையுறப்பதான் ஊரோட உருவம் புரியுது. ஆறு மூணு பக்கமும் சுத்திக்கிட்டுப் போக, நடுவுல கூர்மையா நீட்டிக்கிட்டு இருக்கிற நிலம். பூர்வகுடிகள் இந்த இடத்தை மியான்ஜின்னு சொல்லியிருக்காங்க. முனை மாதிரியான இடம்னு அர்த்தமாம். வரைபடத்துல எத்தனையோ தடவை பாத்திருக்கேன். படகுல போனப்பதான் அந்தப் பேரு எவ்வளவு சரின்னு தெரிஞ்சுது. 2024 டிசம்பர்ல திறந்த கங்காரு பாயின்ட் நடைபாலத்துக்கு அடியில போனோம். கார் கிடையாது, நடக்கிறவங்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும்.

பாலம் தாண்டினதும் இடது பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையா வரும். ரிவர்சைடு துறை. அந்த இடம் வந்தப்ப நான் வலது பக்கம் திரும்பி, "அப்பா, அங்க பாருங்க, ஸ்டோரி பாலம்"னேன்.

அந்தப் பாலம் அவரை நல்லாவே இழுத்துக்கிச்சு. 1940-ல திறந்தது, சிட்னி துறைமுகப் பாலத்துக்குப் பின்னாடி இருந்த அதே பிராட்ஃபீல்டு வடிவமைச்சது. பூரா இரும்பு, பூரா ரிவெட். அடியில போறப்ப தலையைப் பின்னாடி சாய்ச்சு, வாய்க்குள்ளயே எண்ணிக்கிட்டு வந்தாரு. நான் கட்டடங்க பக்கம் திரும்பல.

நியூ ஃபார்ம் பூங்காவுல எறங்கினோம். மயில்கொன்றை செக்கச்செவேல்னு பூத்துக் கிடக்கு. பொன்மலை ரயில்வே குடியிருப்பு ஞாபகம் வந்து ரெண்டு பேரும் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுட்டோம். சாப்பாட்டைத் திறந்ததும் அரிவாள் மூக்கன் நாலஞ்சு வந்து சுத்தி நின்னுது. ஊர்ல வேடந்தாங்கல் போய் தூரத்துல நின்னு பாக்குற ஜாதிப் பறவை. இங்க குப்பைத் தொட்டியைக் கிளறிப் பொழைக்குது, ஜனங்க அதைக் குப்பைத்தொட்டிக் கோழின்னுதான் கூப்பிடுறாங்க. ஒண்ணு வந்து உருளைக்கிழங்கு ஒரு துண்டை லவட்டிக்கிட்டுப் போச்சு. "சாப்பிடட்டும் விடு. அதுவும் பொழைக்க வந்த எடத்துல கிடைச்சதைத் தின்னுது"ன்னாரு அப்பா. பொழைக்க வந்ததெல்லாம் இல்ல, அது இந்த ஊருப் பறவைதான். ஆனா நான் திருத்தல.

பூங்கா ஓரத்துல பவர்ஹவுஸ். பழைய அனல் மின் நிலையம், ஊருக்குள்ள ஓடின டிராமுக்கு மின்சாரம் குடுத்தது. 1969-ல டிராமை நிறுத்தினாங்க, 1971-ல இதையும் மூடினாங்க. 2000-ல இருந்து இது கலை அரங்கம். உள்ள பழைய இரும்பெல்லாம் அப்படியே விட்டு வச்சிருக்காங்க. ஆரம்பிச்ச வருஷம் 1928-னு சொன்னதும் அப்பா நின்னுட்டாரு. "நம்ம பட்டறையும் 1928 தாண்டா!" நாகப்பட்டினத்துல இருந்து பொன்மலைக்குப் பட்டறை வந்த வருஷம் அது. "இது மூடிப் பாட்டுக் கச்சேரி நடக்குது. நம்மளுது இன்னும் ஓடுது. ஊட்டி ரயிலுக்கு நீராவி என்ஜினே புதுசா செஞ்சோம்"னு மூடிக் கிடந்த கதவைப் பாத்து ஒரு பெருமை.

அப்புறம் கை கழுவப் போனோம். அங்கதான் வந்துச்சு.

குழாயை மூடிட்டு, "கையைக் காட்டு"ன்னாரு.

"என்னப்பா?"

"காட்டுறா."

காட்டினேன். விரல் இடுக்குல தோல் உரிஞ்சு, மூட்டு மூட்டா வெடிப்பு. திருப்பிப் பாத்தாரு, மறுபடியும் திருப்பிப் பாத்தாரு.

"இங்கத்தத் தண்ணி ஒத்துக்கலப்பா."

38 வருஷம் பட்டறையில இருந்த மனுஷன்கிட்ட கையைப் பத்திப் பொய் சொல்றேன்! அவரு ஒண்ணும் சொல்லல. கையை விட்டுட்டு டப்பாவை மூடி பையில வச்சாரு.

இப்ப உங்ககிட்டயும் ஒண்ணு சொல்லணும். நான் வீட்ல சொல்லியிருந்தது, யுனிவர்சிட்டியில ஜூனியர் பசங்களுக்கு டியூஷன் எடுக்கிறேன்னு. இங்கயும் ஒரு பதிவுல அப்படித்தான் எழுதியிருந்தேன். உண்மையில, ரெண்டு வருஷமா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஆபீஸ் துப்புரவு வேலை. மாணவர் விசாவுல ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பாக்கலாம், அதுல பெரும்பாலும் இதுதான். குப்பைக்கூடை, பாத்ரூம், சிங்க், முதுகுல மாட்டிக்கிற வேக்குவம். மத்தவங்க செஞ்சா கேவலம்னு நான் நினைச்சதே இல்ல. எங்கப்பா வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வச்சு அனுப்பினது இதுக்கான்னு அவருக்குத் தோணிடுமோன்னுதான் பயம்.

மறுபடியும் படகு. ஹாதார்ன், புலிம்பா, டெனரிஃப். ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்கள் வந்து நின்ன இடம் டெனரிஃப். செங்கல் செங்கலா நிக்கிற கம்பளிக் கிடங்குகள் இப்ப அடுக்குமாடி வீடுகள். இதையெல்லாம் நான் சொல்லிக்கிட்டே வந்தேன், அவரு "ம்" "ம்"னு கேட்டுக்கிட்டே வந்தாரு. கடைசித் துறை நார்த்ஷோர் ஹாமில்டன். ஆறு அங்க நல்லா அகலமாயிடுது, தூரத்துல கேட்வே பாலம். நிழல்ல ஒரு பெஞ்ச். உக்காந்தோம்.

அவரு கேக்கவே இல்ல. கேட்டிருந்தா இன்னொரு பொய் சொல்லியிருப்பேனோ என்னவோ. கேக்காம தண்ணி பாட்டிலை நீட்டினாரு. நான் சொல்லிட்டேன். எல்லாத்தையும். மணிக்கு எவ்வளவு, எத்தனை மாடி, என்ன மருந்து ஊத்திக் கழுவுறது, கையுறை போட்டா வேர்த்துப் போய் இன்னும் அரிக்குது, எல்லாத்தையும்.

ரொம்ப நேரம் ஆத்தைப் பாத்தாரு. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு.

"எந்தக் கட்டடம்?"

"வர்ற வழியில பாத்தோமேப்பா. நான் காட்டல."

"போறப்ப காட்டு."

திரும்பி வர்றப்ப பொழுது சாஞ்சுடுச்சு. ஸ்டோரி பாலத்துல விளக்கு போட்டிருந்தாங்க. இந்தத் தடவை அதை அவரு கண்டுக்கவே இல்ல. படகு ரிவர்சைடு கிட்ட வேகம் குறைச்சதும் நான் கையைக் காட்டினேன். "அதோ, அந்த நீலக் கண்ணாடி. பதினாலாவது மாடி. பதினஞ்சும் உண்டு, வெள்ளிக்கிழமை மட்டும்."

அப்பா எந்திரிச்சு நின்னு, விரலை நீட்டி கீழ இருந்து எண்ண ஆரம்பிச்சாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு... காலையில ரிவெட் எண்ணின அதே மாதிரி. ஒன்பதுல படகு அசைஞ்சு விட்டுப் போச்சு, மறுபடி முதல்ல இருந்து. பதினாலு வந்ததும் விரலை அங்கயே வச்சுக்கிட்டு நின்னாரு. அந்த மாடியில விளக்கு எரிஞ்சுது. எனக்குப் பதிலா யாரோ உள்ள இருந்திருக்கணும்.

"அங்கேருந்து பாத்தா இந்தப் படகு தெரியுமா?"

"தெரியும்ப்பா. தினமும் பாப்பேன். விளக்கு மட்டும் நகர்ந்து போகும்."

"இன்னிக்குத்தான் ஏறினியா?"

"ஆமாப்பா."

வேற ஒண்ணும் பேசல.

சவுத் பேங்க்ல எறங்கினோம். 1988-ல உலகக் கண்காட்சி நடந்த இடம். அப்ப நேபாளம் சார்பா வச்ச மரக்கோபுரம் இன்னும் இருக்கு. முழுக்க கையால செதுக்கினது, ஒரு கதவு முன்னாடி பத்து நிமிஷம் நின்னாரு. அப்புறம் சவுத் பிரிஸ்பேன் ஸ்டேஷன். அங்க ஒரு தடத்துல மூணு தண்டவாளம் போட்டிருக்கும். நம்ம 1067-ம் சிட்னி வண்டிக்கான 1435-ம் ஒரே பாதையில போக. இதுக்கு காலையா இருந்திருந்தா ஒரு மணி நேரம் பேசியிருப்பாரு. இப்ப பாத்துட்டு தலையை மட்டும் ஆட்டினாரு. ரயில் மெரிவேல் பாலம் ஏறி ஆத்தைக் கடக்குறப்ப, கீழ ஒரு படகு விளக்கு போட்டுக்கிட்டுப் போச்சு.

ரோமா ஸ்ட்ரீட்ல வண்டி மாறி உக்காந்தப்புறம்தான் பேச ஆரம்பிச்சாரு.

"85-ல நான் வேலைக்குச் சேந்தப்ப கலாசிடா. கிரீஸ் துடைக்கிறது, சாமான் தூக்குறது. உங்க தாத்தாகிட்ட ஆபீஸ்ல வேலைன்னு சொல்லியிருந்தேன். ஊரெல்லாம் அவரும் அப்படியே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. ஒரு நாள் சொல்லாம கொள்ளாம கிளம்பி வந்துட்டாரு. மத்தியான சங்கு ஊதினதும் நான் கேட்டுக்கு வரேன், தலையில இருந்து கால் வரைக்கும் கிரீஸு. எதுக்க அவரு நிக்கிறாரு."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கடையில டீ வாங்கிக் குடுத்தாரு. திரும்பிப் போறப்ப ஒரு லைஃப்பாய் சோப்பு வாங்கி என் கையில குடுத்துட்டு பஸ் ஏறிட்டாரு."

ஜன்னலுக்கு வெளிய மில்டன், ஆக்கன்ஃப்ளவர்னு ஸ்டேஷன்கள் போய்க்கிட்டிருந்துச்சு. நான் அழுதேனான்னு யாரும் கேக்காதீங்க.

ஷெர்வுட்ல எறங்கி நடக்குறப்ப, "மருந்துக் கடை இன்னும் திறந்திருக்குமா?"ன்னாரு. திறந்திருந்துச்சு. கைக்குப் போடுற களிம்பு ஒண்ணு எடுத்தாரு. விலையை ரூபாயில கணக்குப் போட்டு ஒரு நிமிஷம் தயங்கினாரு. அப்புறம் அவரே காசு குடுத்தாரு, என்னைக் குடுக்க விடல.

"உங்கம்மாகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும்."

இதுதாங்க நான் பாத்த பிரிஸ்பேன்.

பி.கு. 1: இந்தப் பக்கம் வர்றவங்க பேங்க் கார்டையே தட்டிட்டு ஏறலாம். ஏறும்போதும் எறங்கும்போதும் ரெண்டு தடவையும் தட்டணும். படகுல மூக்குப் பக்கம் உக்காருங்க, தொப்பியைப் பிடிச்சுக்கங்க.

பி.கு. 2: அப்பா ஊருக்குப் போய் ஒரு வாரம் கழிச்சு அம்மாகிட்ட சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு பாத்தேன். அப்புறம் கேட்டாங்க: "பதினாலாவது மாடியா? லிஃப்ட் இருக்குல்ல?"